ஒரே ரத்தத்தில் இரண்டு பதில்கள்

பிப்ரவரி 6

பொடிசுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயரில் கூப்பிடுகிறேன். எனக்கு அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியாது. போனில் என் நம்பரையும் அவர் நம்பரையும் நீ தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் நீ வேலை செய்யும், பல் செட் செய்கிற லேபின் முகவரிக்கு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே. ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி.

உன் அண்ணனுக்கு மூளையில் நோய்.

ரொம்ப நாளாகவே ஆள் ஒரு மாதிரி இருந்தார். சொன்னால்தான் குளிப்பார். பேச்சு குறைந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பார். மனநல டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். இரண்டு வருஷம் அதுதான் ஓடியது. வெறும் சோம்பேறித்தனம் என்று நானும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். போன மழைக்காலத்தில் வேலையும் போனது. ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கப் போனவர், கதவைத் திறந்து போட்டுவிட்டு, தடுப்பு எதுவும் வைக்காமல், படியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்திருக்கிறார். உள்ளே லிஃப்ட் இல்லை, வெறும் பள்ளம். கைத்தடியோடு வந்த ஒரு பெரியவரை யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார்கள். மேனேஜர் வந்து கத்தியபோது இவர் சிரித்தாராம். தடுப்பு வைக்காமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாத மனுஷன் அவர். உனக்கே தெரியும்.

அதற்குப் பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேன், ரத்தம், ஜீன் பரிசோதனை எல்லாம் முடிந்தது. டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார்.

"மூளைக்குன்னே தனியா காவல் செல்கள் இருக்கும்மா. நாம கருவுல இருக்கும்போதே உள்ள போய் உக்காந்துடும். கிருமி வந்தா புடிக்கிறது, குப்பையை அள்றது, நரம்பைப் பராமரிக்கிறது எல்லாம் அதுங்கதான். அந்தச் செல் உயிரோட இருக்க ஒரு ஜீன் வேணும். உங்க வீட்டுக்காரருக்கு அந்த ஜீன்ல தப்பு இருக்கு. காவலாளுங்க குறைஞ்சுட்டாங்க, மிச்சம் இருக்கிறவங்களும் ஒழுங்கா வேலை செய்யல. நரம்பு மேல இருக்கிற உறை கரைஞ்சுகிட்டே போகுது."

"வயசானவங்களுக்கு வர்ற மறதி நோயா?" என்று கேட்டேன்.

"அதுலயும் இதே செல்களுக்குப் பங்கு இருக்கு. ஆனா அங்க பல நேரம் அதுங்க மிரண்டுபோய், நல்லதையும் சேர்த்து அடிச்சு நொறுக்கும். இங்க அடிக்கவும் ஆள் இல்ல, காக்கவும் ஆள் இல்ல."

மாத்திரை கிடையாது. ஒரே ஒரு வழி இருக்கிறது. வேறொருவருடைய எலும்பு மஜ்ஜைச் செல்களை இவருக்கு ஏற்றினால், அவற்றில் கொஞ்சம் மூளைக்குள் போய்க் காலியான இடத்தில் உட்காரும். நோய் அதோடு நிற்கலாம். இதுவரை உலகத்தில் கொஞ்சம் பேருக்குத்தான் செய்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவர்களுடையது பொருந்தினால் நல்லது. ஆனால் கொடுக்கிறவருக்கும் அதே தப்பு இருக்கக் கூடாது. இருக்க சரிபாதி வாய்ப்பு உண்டு என்றார்.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய என் ரத்தம் அவருக்கு உதவாது. பேசாமல் போன உன்னுடையதுதான் வேண்டும். இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதிக் கேட்கிறேன். வந்து பரிசோதனை செய்துகொள்வாயா?

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். ஒரு தடவை இல்லை.

நீங்கள் கேட்டதைக் கேட்டுவிட்டீர்கள். நானும் ஒன்று கேட்கிறேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்த அன்றைக்கு, உங்கள் கணவர் எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து அவர் முகத்தைக் குனிந்து பார்த்து, "மீசையை யாருடா இவ்ளோ கோணலா வெட்டினது?" என்று கேட்டுச் சிரித்தாரே, அதுவும் காவல் செல் இல்லாததால்தானா? அதோடு விட்டாரா? "டிவி போடலாமா, மேட்ச் ஓடுது" என்றார். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் நகம் பதிந்த வலியைக்கூட அன்று நான் உணரவில்லை; அடுத்த நாள்தான் பார்த்தேன்.

அவர் சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். அவரை வெளியே இழுத்துக்கொண்டு போன நீங்கள், திரும்பி வந்து என் காதில் என்ன சொன்னீர்கள்? "பெரிசு பண்ணாத." எனக்கு இருந்தது ஒரே அண்ணன், ஒரே அண்ணி. அன்றைக்குப் போனது ஒருத்தர் இல்லை, மூன்று பேர்.

இப்போது நோய் என்கிறீர்கள். இருக்கலாம். நோய் எங்கே முடிகிறது, குணம் எங்கே ஆரம்பிக்கிறது என்று உங்கள் டாக்டரால் கோடு போட்டுக் காட்ட முடியுமா?

இன்னொன்றும் உண்டு. நீங்கள் கேட்பது ஒரு ஊசி ரத்தம். அது இரண்டு பதில் சொல்லும். ஒன்று அவருக்கு. இன்னொன்று எனக்கு, என் வழியாக என் மகளுக்கு. அவருக்கு ஆம் என்றால் மகிழ்ச்சி. எனக்கு ஆம் என்றால்? மருந்தில்லாத ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு தினமும் காலையில் எழுந்து பல் தேய்க்க வேண்டும். தகப்பனைப் பறிகொடுத்த பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய்யாகச் சிரிக்க வேண்டும்.

என்னால் முடியாது. மன்னிக்க வேண்டும் என்று எழுத வந்தேன். அதையும் எழுத மனம் வரவில்லை.


மார்ச் 2

பொடிசு,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டவில்லை. பயப்படாதே.

"பெரிசு பண்ணாத" என்று சொன்னேன். ஆமாம். சாவு வீட்டில் என் புருஷன் சிரிக்கிறார். கூட்டம் முழுக்க என்னைப் பார்க்கிறது. எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. வாயில் என்ன வந்தது என்று இன்றுவரை சரியாக நினைவில்லை. நீ எழுதியதும்தான் தெரிந்தது. என்னைத் திட்டு. உன் கோபத்தில் பாதி என் பங்கு. அதை அவர் கணக்கில் எழுதாதே.

டாக்டரம்மாவிடம் நீ கேட்டதைக் கேட்டேன். அன்றைக்குச் சிரித்தது யார்? அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஸ்கேனைப் பாத்தா இது நேத்து வந்ததில்ல. முன்பக்கம் ரொம்பக் கரைஞ்சிருக்கு. நாக்குக்குக் கடிவாளம் போடுற இடம் அது. ஆனா அந்த ஒரு நாள், அந்த ஒரு வார்த்தை... தெரியாதும்மா. தெரியும்னு சொன்னா பொய்." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

இன்னொன்றையும் கேட்டேன். உனக்காகத்தான்.

"பொருத்தம் மட்டும் பாருங்க. ஜீனைப் பத்தி அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

"பொருத்தம் இருந்தும் நாங்க வேண்டாம்னு சொன்னா அவங்களுக்குப் புரியாதா?"

"அப்ப பொருத்தமே இல்லன்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்ல மாட்டோம்மா. இன்னிக்கு அவங்ககிட்ட சொன்னா, நாளைக்கு உங்ககிட்டயும் பொய் சொல்ல வேண்டியிருக்கும்."

ஆக, ஒளிந்துகொள்ள இடமில்லை. வெளியாட்களின் பட்டியலில் தேடுகிறார்கள். முழுப் பொருத்தம் இன்னும் யாரும் கிடைக்கவில்லை.

போன வாரம் அவருக்கு வலிப்பு வந்தது. என்னைப் போல வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்கு எதற்கும் பதறாத காலும் கையும் இருக்க வேண்டும். எத்தனை பேர் எதிரே வந்த லாரியைப் பார்த்துக் கண்ணை மூடியிருக்கிறார்கள். என் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு, "பரவாயில்ல, மறுபடியும் கியர் போடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சமையலறைத் தரையில் அவர் வெட்டிவெட்டி இழுத்தபோது என் கால் தானாகத் தரையை மிதித்தது. மிதித்துக்கொண்டே நின்றேன். எதுவும் நிற்கவில்லை.

டாக்டர் இன்னொரு கேள்வியும் கேட்டார். உங்கள் அப்பா எப்படி இறந்தார்? நான் கல்யாணமாகி வரும்போதே அவர் இல்லை. இவரிடம் கேட்டால், "கீழ விழுந்தாரு" என்கிறார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நீயாவது சொல்.

அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

அப்பா கீழே விழுந்துதான் இறந்தார். நாற்பத்தேழு வயதில், அச்சகத்தின் மாடிப்படியில்.

எல்லாரும் குடி என்றார்கள். அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் குடிகாரரைப் போலத்தான் நடந்தார். அம்மாவே சந்தேகப்பட்டு, அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் அருகில் போய் வாயை மோந்து பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. அது அவளுக்கு இன்னும் கோபம். "குடிக்காமயே இப்படின்னா குடிச்சா என்ன ஆவே?" என்று கத்துவாள். அப்பா சிரிப்பார். உங்கள் முதல் கடிதத்தில் மேனேஜர் கத்தியபோது அண்ணன் சிரித்தார் என்று படித்த உடனே எனக்கு அந்தச் சிரிப்புதான் காதில் விழுந்தது. அதனால்தான் அவ்வளவு காரமாகப் பதில் எழுதினேன் என்று நினைக்கிறேன். பயம் என்று எழுதுவதற்குக் கோபம் என்று எழுதுவது எளிதாக இருந்தது.

அண்ணனுக்கு இப்போது நாற்பத்தைந்து. எனக்கு நாற்பத்தொன்று.

மகளிடம் சொன்னேன். மறைக்கத்தான் நினைத்தேன், என் முகமே காட்டிக்கொடுத்துவிடும், உங்களுக்குத் தெரியும். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"மாமாவுக்குக் கொடுக்கலன்னா செத்துப்போயிடுவாரா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

"கொடுத்தா பொழச்சுக்குவாரா?"

"அதுவும் உறுதியில்ல."

"உனக்கு இருந்தா எனக்கும் இருக்குமா?"

"பாதிக்குப் பாதி."

ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள். "எனக்கு எதுவும் தெரிய வேணாம்மா. ஆனா எனக்குத் தெரிய வேணாங்கிறதுக்காக மாமா சாகணும்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்ன பொண்ணா என்னை ஆக்கிடாத."

மறுநாளே கிளம்பினேன்.

இங்கேயே ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுத்து உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். பொருத்தம் பார்க்க மட்டும். ஜீனைத் தொடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்றார்கள். பொருந்தாமல் போகட்டும் என்று மனசு வேண்டிக்கொள்கிறது. இதையும் உங்களிடம்தான் சொல்கிறேன், யாரிடம் சொல்ல?

ஒன்று கேட்கிறேன். மழுப்பாமல் சொல்லுங்கள். அவர் என்னைக் கேட்கிறாரா?


ஏப்ரல் 4

பொடிசு,

பொருந்திவிட்டது. முழுசாக.

போனில் கேட்டபோது நான் வகுப்பில் இருந்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கிப் போய் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கற்றுக்கொள்ள வந்த பெண் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து அழுதுவிட்டாள். ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். பிறகுதான் நீ வேண்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. சந்தோஷப்பட்டதற்கே கூச்சமாகிவிட்டது.

உண்மையைக் கேட்டாய். இல்லை, அவர் உன்னைக் கேட்கவில்லை. யாரையும் கேட்பதில்லை. பேச்சுக்காகப் பொய் சொல்லியிருக்கலாம். பொய்யை நம்பி நீ ரத்தம் கொடுத்தால் அப்புறம் நான் எந்த மூஞ்சியோடு உன்னைப் பார்ப்பது?

ஆனால் அவரே சம்மதிக்க வேண்டும் என்று டாக்டரம்மா அவரை உட்காரவைத்து எல்லாம் விளக்கினார். கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் முடித்ததும் இவர், "அவ செல்லு என் மண்டைக்குள்ளயா?" என்றார்.

"ஆமா. கொஞ்சம் போகும்."

"அப்புறம் நானும் அவளாட்டம் கத்துவேனா?"

டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே பயந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். பிறகு "சரி" என்றார். காரணம் கேட்டதற்கு, "நடக்கணும்" என்றார்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏற்றுவதற்கு முன்னால் கடுமையான மருந்து கொடுத்து அவர் மஜ்ஜையைக் காலி செய்வார்கள். அப்போதே உயிர் போகலாம். பிழைத்தாலும் போனது போனதுதான். இருப்பது மட்டும் நிற்கலாம். புதுச் செல்கள் மூளையில் போய்க் குடியேற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நோய் காத்திருக்காது. படுத்த படுக்கையாகிவிட்டால் செய்ய மாட்டார்களாம். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

இனி உன் கையில்தான். அவசரப்படுத்தவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணிக்கு,

கொடுத்துவிட்டேன். ஜீன் பார்ப்பதற்கான அந்த இரண்டாவது ரத்தத்தையும்.

முடிவு வர நாளாகும் என்றார்கள். ஆலோசனை சொல்லும் அம்மா ஒருவர் மென்மையாகப் பேசினார். எந்த வார்த்தையும் உள்ளே இறங்கவில்லை. அவர் மேசையில் இருந்த பிளாஸ்டிக் மூளையின் ஒரு துண்டு சரியாகப் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்தது. பல் செட்டானால் எடுத்துத் தேய்த்துச் சரிசெய்திருப்பேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் என்னையே வேவு பார்க்கிறேன். நேற்று ஒரு செட்டில் இடது கடைவாய்ப் பல்லை வலது பக்கம் வைத்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "இத போட்டுக்கிட்டா அந்தத் தாத்தா பக்கவாட்டுல மாடு மாதிரிதான் மெல்லணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உடனே, இது சரியான இடத்தில் வந்த சிரிப்புதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து போய்க் கழிப்பறையில் தரை ஓடுகளின் கோட்டின் மேலேயே நேராக நடந்து பார்த்தேன். வெளியே காத்திருந்தவர் கதவைத் தட்டினார்.

தொட்டியில் பாத்திரம் விழுந்தால் நானா போட்டேன் என்று பார்க்கிறேன். ஒருவர் பெயர் வாயில் வராவிட்டால், வரும்வரை அ, ஆ என்று வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். அண்ணன் இத்தனை நாள் எதுவும் தெரியாமல் இருந்தாரே, அது ஒரு வகையில் கொடுப்பினை என்று தோன்றுகிறது.

எனக்கு இருந்தால், ஒன்று கேட்பேன். இப்போதே கேட்டுவைக்கிறேன். என் மகளை உங்களிடம்தான் விட வேண்டும். எனக்கு வேறு யாருமில்லை. உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். சுற்றிச்சுற்றி உங்களிடம்தான் வந்து நிற்கிறது.


ஏப்ரல் 25

பொடிசு,

இதைக் கேட்கவும் வேண்டுமா? உனக்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவள் எனக்கும் பிள்ளைதான்.

இருந்தால், உனக்காக நான் அலைவேன். எந்த டாக்டர், எந்த மாடி, எந்தக் கவுண்டர் என்று எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. உனக்கு முன்கூட்டியே தெரியும். இவருக்குக் கிடைக்காத நேரம் உனக்குக் கிடைக்கும். அது ஒன்றும் சின்ன விஷயமில்லை.

கோட்டில் நடந்து பார்க்காதே. கற்றுக்கொடுக்கிறவள் சொல்கிறேன், கோட்டையே பார்த்துக்கொண்டு போனால் யாருக்கும் நேராகப் போகாது.

அண்ணி


மே 12

அண்ணிக்கு,

எனக்கு இல்லை.

ஆலோசனை சொல்லும் அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். வெளியே வந்து இரண்டு பேரும் குளிர்பானம் குடித்தோம். அவள் தன்னுடையதை முடித்துவிட்டு என்னுடையதையும் குடித்தாள்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். முதலில் வந்தது வேறு. இத்தனை நாள் பயத்தின் பின்னால் நின்றுகொண்டு, வரமாட்டேன் என்று சொன்னேன். பயம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் கோபம் அப்படியே இருக்கிறது. ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. நோயாளி மேல் கோபப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்தால் போய்விடுமா?

வருகிறேன். செல்களைக் கொடுக்கிறேன். ஆனால் அவரைப் பார்க்கச் சொல்லி என்னை வற்புறுத்தாதீர்கள். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.


ஜூன் 20

பொடிசு,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். முதுகு வலி எப்படி இருக்கிறது? செல்களைப் பெருக்கப் போட்ட ஊசியால்தான் அந்த வலி, சீக்கிரம் போய்விடும் என்று நர்ஸ் சொன்னார்.

வற்புறுத்த மாட்டேன் என்று சொன்னேன், வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாலாவது மாடி வரைக்கும் வந்தாய். ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தெடுக்க இரண்டு கையிலும் ஊசி குத்திக்கொண்டு நாள் முழுக்க அந்த நாற்காலியில் அசையாமல் கிடந்தாய். நான் உனக்குத் தண்ணீர் புகட்டினேன். அவர் ஆறாவது மாடியில் இருந்தார். நடுவில் ஒரே ஒரு மாடி. மருந்தில் அவர் வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்த நாள் அது. பிழைப்பாரா என்று யாருக்கும் தெரியாது. உன்னால் கண்ணாடிக்கு வெளியே நின்றாவது ஒரு பார்வை பார்த்திருக்க முடியாதா?

உன் செல்கள் சாயங்காலம் ஒரு பையில் வந்தன. தக்காளிச் சாறு மாதிரி ஒரு சின்னப் பை. இதற்கா இத்தனை என்று தோன்றியது. சொட்டுச் சொட்டாக ஏறி முடிந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான். ஆனால் உன் காலைத் தொட்டுக் கும்பிடவும் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

அண்ணி


ஜூலை 1

அண்ணிக்கு,

ஆறாவது மாடிக்கு வந்தேன்.

உங்களிடம் சொல்லவில்லை. ஊசிகளைக் கழற்றிய பிறகு, நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது லிஃப்டில் ஏறிப் பட்டனை அழுத்தினேன். கதவு திறந்தது. எதிரிலேயே கண்ணாடி அறை. தலைமுடி இல்லாமல், தோள் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தது அப்பா.

அண்ணனை எதிர்பார்த்து வந்தவளுக்கு அப்பா தெரிந்தால் என்ன செய்வது? ஒரு கால் வெளியே வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். கதவு மூடிக்கொண்டது.

அதைக் கோபம் என்று சொல்லாதீர்கள். அது என்ன என்று எனக்குப் பெயர் தெரியவில்லை. எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.


செப்டம்பர் 9

பொடிசு,

உன் கடிதத்தைப் படித்தேன். மன்னித்துக்கொள். அதைப் பற்றி வேறெதுவும் எழுதப்போவதில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டோம். ரத்தத்தில் இப்போது ஓடுவது முழுக்க உன் செல்கள்தானாம். அவை அவர் தோலை அந்நியம் என்று நினைத்து அடிக்கின்றன. உடம்பு முழுக்கச் சிவந்து தடித்துவிட்டது. டாக்டர் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் தங்கை சண்டை உள்ளே போயும் ஓயவில்லையா? மருந்து கொடுத்து அடக்குகிறார்கள்.

சிரிப்பு அதோடு சரி. அவர் நடை போய்விட்டது. இரண்டு பக்கமும் பிடித்தால்தான் நிற்கிறார். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுகிறது. மீதியை நான் ஊகிக்க வேண்டும். போன வாரம் தண்ணீர் கேட்டாரா, கண்ணாடி கேட்டாரா என்று தெரியாமல் இரண்டையும் கொண்டுவந்து நின்றேன். இரண்டையும் தட்டிவிட்டார்.

"புதுச் செல்கள் உள்ள போய்ச் சேர்ற வரைக்கும் இப்படித்தான் இறங்கும். எந்த இடத்துல நிக்கும்னு சொல்ல முடியாது" என்கிறார் டாக்டரம்மா. நிற்குமா என்பதையே அவர் உறுதியாகச் சொல்லவில்லை, கவனித்தாயா?

சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த மனிதரைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது நான். கையெழுத்துப் போட்டது நான். "நடக்கணும்" என்று ஒரே ஒரு ஆசை சொன்னார். தப்பு செய்துவிட்டேனா? யாரிடமும் கேட்க முடியாத கேள்வி இது. உன்னிடம் கேட்கிறேன்.

அண்ணி


செப்டம்பர் 16

அண்ணிக்கு,

இல்லை.

அப்பாவுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. வாயை மட்டும் மோந்து பார்த்தோம். நீங்கள் செய்தீர்கள். எப்படி முடிந்தாலும் இது மாறாது.

மகளுக்கு விடுமுறை. அவளாகவே பையை எடுத்து வைத்துவிட்டாள். "அத்தை தனியா தூக்கினா இடுப்பு போயிடும்" என்கிறாள். சனிக்கிழமை வண்டியில் ஏற்றிவிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறவள், எழுப்புவதுதான் கஷ்டம். மற்றபடி தொந்தரவு இருக்காது. நீங்கள் பகலில் இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள்.

நான் ஏன் வரவில்லை என்று அவளிடம் கேட்காதீர்கள். அவளும் என்னிடம் கேட்பதில்லை.


ஜூன் 3

பொடிசு,

உன் செல்களை ஏற்றி ஒரு வருஷம் ஆகப்போகிறது; அதற்கான பரிசோதனை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தோம். அவர் தூங்குகிறார். செருப்பைக் கழற்றியதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மா இரண்டு ஸ்கேன்களை வெளிச்சப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். ஒன்று குளிர்காலத்தில் எடுத்தது, இன்னொன்று இப்போது. "வித்தியாசம் தெரியுதா பாருங்க" என்றார். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். அதே வெள்ளைத் திட்டுகள், அதே இடத்தில், அதே அளவில். "ஒரு மாத்தமும் இல்லையே டாக்டர்" என்றேன், ஏதோ நான் தோற்றுப்போன மாதிரி.

"அதத்தாம்மா சொல்ல வந்தேன். ஒரு மாத்தமும் இல்ல. நின்னுடுச்சு."

பலகையின் விளக்கை அணைத்துக்கொண்டே, "எப்பவும் இப்படியே நிக்குமான்னு கேக்காதீங்க. இன்னிக்கு நிக்குது" என்றார்.

போனது திரும்பவில்லை. நாலுகால் கம்பியை ஊன்றி வாசல்வரை போகிறார். அங்கிருந்து திரும்ப நான் வேண்டும். பேச்சு கொஞ்சம்தான். கணக்குப் போட வராது. ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தால் பெயர் சொல்கிறார், எதற்கு என்று சொல்வதில்லை. உன் மகள் விடுமுறைக்கு விடுமுறை வந்து அவரைச் சீட்டாட வைக்கிறாள். அவரை ஜெயிக்கவிடுவதும் இல்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. இன்று காலை கிளம்பும்போது நடந்தது.

சட்டை போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "யாரோடது?" என்றார். எனக்குப் புரியவில்லை. "சட்டையா? உங்களோடதுதான்." இல்லை என்று தலையாட்டினார். விரலைத் தூக்கி நெற்றிப் பொட்டைத் தட்டிக் காட்டினார். அன்றைக்கு டாக்டர் விளக்கியதெல்லாம் மறந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"பொடிசோடது" என்றேன்.

வண்டி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. நான் பையை எடுக்கத் திரும்பினேன். அப்போது சொன்னார். பாதியில் நிற்காமல், முழு வாக்கியமாக.

"அவகிட்ட கேட்டுட்டுத்தான எடுத்தீங்க?"

பொடிசு, இந்த மூன்று நான்கு வருஷத்தில் அவர் இன்னொருவர் மனசை நினைத்துப் பேசி நான் பார்த்ததில்லை. செத்த வீட்டில் சிரித்த அதே வாய். இது உன் செல்களின் வேலையா, அவருக்குள் எங்கேயோ கரையாமல் மிச்சமிருந்த அவரா என்று சாயங்காலம் டாக்டரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தெரியாது என்றுதான் சொல்வார்.

"கேட்டோம்" என்றேன்.

"என்ன சொன்னா?"

பொய் சொல்ல வரவில்லை. "யோசிச்சா" என்றேன்.

தலையை மெல்ல ஆட்டினார்.

"அவ யோசிப்பா" என்றார். "நல்லா யோசிப்பா."

பொத்தானை ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தார். அப்படியே கூட்டிக்கொண்டு போனேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் வகுப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க வீட்டில்தான் இருப்போம்.

அண்ணி